பழைய இரும்பு பற்ற மறுக்கும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

புதிய இரும்பில் வெல்டிங் பழகியவர், பழைய இரும்பைக் கையில் எடுத்த முதல் நாளே தன் கையைச் சந்தேகிக்க ஆரம்பித்துவிடுவார். நேற்று வரை ஒழுங்காக ஓடிய வெல்டிங் வரி இன்று பொங்கிப் பொங்கி வருகிறது. உடனே மெஷினின் குமிழைத் திருகுகிறார், ராடை (உருகி மூட்டை நிரப்பும் பூச்சுக் கம்பியை) மாற்றுகிறார், கடைசியில் தனக்கு இது வராது என்று கண்ணாடியைக் கழற்றி வைக்கிறார். பெரும்பாலான நேரங்களில் கோளாறு இருப்பது அந்த இரும்பின் பழைய வாழ்க்கையில். அது தண்ணீர்க் குழாயாக இருந்ததா, கட்டிலின் சட்டமாக இருந்ததா, வண்டிக்கு அடியில் எடை சுமந்ததா? அதைக் கேட்காமல் ஆம்பியரைக் கூட்டிக் குறைப்பது, நோய் தெரியாமல் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருப்பதைப் போன்றது.

கீழே சொல்வது பெரும்பாலும் ராடு வைத்து, அதன் நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்பொறியால் (அதுதான் ஆர்க்) செய்யும் ஆர்க் வெல்டிங்கைப் பற்றியது. பொழுதுபோக்காகச் செய்பவர்களிடம் அதுதான் அதிகம். பழைய இரும்பின் அழுக்கை ஓரளவு பொறுத்துக்கொள்வதும் அதுதான்.

முதலில் ஒரு துண்டுச் சோதனை

ஒரு சாண் நீளத்தில், 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமனில், புதிய மைல்ட் ஸ்டீல் (கார்பன் குறைந்த சாதாரண எஃகு) பட்டை ஒன்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பக்கத்திலேயே வைத்திருங்கள். எந்தக் கோளாறு வந்தாலும், எதையும் மாற்றுவதற்கு முன், அதே ராடு, அதே ஆம்பியரில் அந்தப் பட்டையில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு வரி ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே கோளாறு என்றால் மெஷின், ராடு, கை என்ற வரிசையில் தேடலாம். அங்கே ஒழுங்காக வந்தால், பழைய துண்டைத்தான் விசாரிக்க வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: சோதனைக்காக எர்த் கிளாம்பையும் (மின்சாரம் மெஷினுக்குத் திரும்ப, இரும்பைக் கடித்துப் பிடிக்கும் கவ்வி) பட்டைக்கு மாற்றியிருப்பீர்கள். அதனால் பழைய துண்டில் கிளாம்ப் கடித்திருந்த இடத்தையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டை எனக்கு மிச்சப்படுத்திய ராடுகளுக்குக் கணக்கில்லை.

ராடு ஒட்டிக்கொள்கிறது, அல்லது ஆர்க் பிடிப்பதே இல்லை

முதலில் எர்த். பெயிண்ட் மேலோ துருப் பொருக்கின் மேலோ கிளாம்ப் கடித்திருந்தால் மின்சாரம் போக வழி இல்லை. கிளாம்ப் சூடாவது, அதன் பல்லில் சிறு பொறிகள் தெரிவது ஆகிய இரண்டும் இதன் அடையாளம். வெல்டிங் செய்யும் இடத்துக்குக் காட்டும் மரியாதையைக் கிளாம்ப் கடிக்கும் இடத்துக்கும் காட்டி, ஒரு ரூபாய் நாணய அளவுக்காவது வெள்ளி நிறம் தெரியத் தேயுங்கள். கீல், பேரிங், சங்கிலி போன்ற அசையும் பாகங்கள் உள்ள பழைய பொருள் என்றால், வெல்டிங் நடக்கும் அதே பாகத்தில்தான் கிளாம்பைப் போட வேண்டும். பேரிங்கின் மறுபக்கத்தில் போட்டால் மின்சாரம் அதன் குண்டுகள் வழியாகப் பாய்ந்து, அவற்றின் பரப்பைக் குழி குழியாக்கிவிடும்.

அடுத்து ஆம்பியர். 6013 ராடில் (6013, 7018 என்பவை ராடு வகைகளின் எண்கள்) 2.5 மில்லிமீட்டருக்குச் சுமார் 60 முதல் 90 வரையும், 3.15 மில்லிமீட்டருக்குச் சுமார் 90 முதல் 130 வரையும் போகும். பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதே இறுதி. அந்த அளவில் வைத்தும் ஒட்டினால், ஆர்க் பிடித்தவுடன் ராடை விலக்காமல் அழுத்துகிறீர்கள் என்று பொருள். தீக்குச்சி உரசுவதுபோல் உரசி, ராடின் கம்பித் தடிமன் அளவுக்கு மட்டும் தூக்கிப் பிடியுங்கள்.

பிறகு ராடு. மேல்பூச்சில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது ஈரம் குடித்திருக்கிறது. 6013 போன்றவற்றை 100 டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில் உலர்த்தலாம். 7018 அப்படி இல்லை. அது ஈரம் குடித்துவிட்டால், தயாரித்தவர் சொன்னபடி 300 முதல் 400 டிகிரியில் சுட்டால்தான் பழைய குணத்துக்கு வரும். வெயிலில் காய வைத்தேன் என்பது 7018 விஷயத்தில் மனதுக்கு ஆறுதல் மட்டுமே. சமையல் செய்யும் அடுப்புக்குள் ராடை வைக்காதீர்கள்.

வரி முழுக்க ஊசித்துளைகள், புழு அரித்தது போன்ற குழிகள்

பழைய இரும்பின் தனிப்பெரும் வியாதி இதுதான். உருகிய உலோகத்துக்குள் எங்கிருந்தோ வாயு புகுந்து, வெளியேறுவதற்குள் உலோகம் உறைந்துவிட்டது என்பதே பொருள். வாயு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

புகையையும் வாசனையையும் கவனியுங்கள். கருப்பாக, ரப்பர் கருகும் நெடியோடு புகை வந்தால் பெயிண்டோ பிளாஸ்டிக் பூச்சோ எரிகிறது. நீலமாக, எண்ணெய் நெடியோடு வந்தால் இயந்திர எண்ணெய் ஊறிய துண்டு. பச்சை கலந்த வெளிச்சமும் அடர்ந்த வெள்ளைப் புகையும் கிளம்பி, பஞ்சு நூல் போன்ற வெள்ளைத் துகள் சுற்றிலும் படிந்தால், அது துத்தநாகப் பூச்சு. தண்ணீர்க் குழாய், வேலிக் கம்பம், கூரைத் தகடு, பழைய வாளி என்று இந்தப் பூச்சு இல்லாத பழைய இரும்பைத் தேட வேண்டியிருக்கும். மழுங்கிய சாம்பல் நிறமும், பூ விரிந்தது போன்ற படிகக் கோலமும் அதன் முகம். பல வருடம் கழித்துக் கோலம் மறைந்து சாதாரண இரும்புபோல் தெரியும். ஓரத்தை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் மேலே ஒரு நிறம், உள்ளே ஒரு நிறம் தெரிந்துவிடும்.

துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருக 1,500 டிகிரியை நெருங்க வேண்டும். ஆகவே இரும்பு உருகும் முன்பே அதன் மேலிருக்கும் துத்தநாகம் ஆவியாகிப் பாய்கிறது. அதில் ஒரு பகுதி உருகிய குளத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. ஆம்பியரை என்ன செய்தாலும் இது மாறாது. மூட்டின் இருபுறமும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பூச்சைத் தேய்த்து எடுப்பதே மருந்து.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குழாயின் வெளிப்பக்கம் கண்ணாடிபோல் மின்னும். உட்பக்கத்தில் பூச்சு அப்படியே இருக்கும். வெல்டிங் சூடு பின்பக்கம் போய் அந்தத் துத்தநாகத்தைக் கொதிக்கவைக்க, அது உருகிய குளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். வெளியே இவ்வளவு தேய்த்தும் துளை வருகிறதே என்று நானும் ஒரு மதியம் முழுக்க ராடு பாக்கெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வட்ட அரத்தை உள்ளே விட்டு நான்கு முறை சுற்றியதும் குறை நின்றுவிட்டது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு பயங்கரப் பிழை உண்டு. வாகன பிரேக்கைச் சுத்தம் செய்யும் தெளிப்பான்களில் சிலவற்றில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். அதன் ஈரமோ ஆவியோ மிச்சமிருக்கும் இடத்தில் ஆர்க் மூட்டினால், அந்தச் சூட்டிலும் புற ஊதாக் கதிரிலும் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறக்கூடும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. எண்ணெயை எடுக்கச் சோப்புத் தண்ணீர் போதும். கழுவி, துடைத்து, முழுக்க உலர்த்துங்கள்.

துருவைப் பொறுத்தவரை, மெல்லிய செந்துருவை ராடு சமாளித்துக்கொள்ளும். அடுக்கடுக்காக உரியும் பொருக்குத் துருவைச் சமாளிக்காது. அதன் அடுக்குகளுக்குள் ஈரம் ஒளிந்திருக்கும். கம்பித் தூரிகை மேலே மெருகு ஏற்றுமே தவிர அடியில் போகாது. தேய்க்கும் வட்டைப் போட்டுக் குழியின் அடிவரை இறங்குங்கள்.

எல்லாம் சுத்தம், ஆனாலும் வரியின் தொடக்கத்தில் மட்டும் இரண்டு மூன்று துளைகள் என்றால், கவலை வேண்டாம். ஆர்க்கைத் தொடங்க வேண்டிய இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் பற்றவைத்து, பின்னுக்கு வந்து, பிறகு வரியை ஓட்டுங்கள். பற்றவைத்த இடத்தை வரியே உருக்கி மூடிவிடும்.

மூடிய குழாயில் கடைசி ஒரு சென்டிமீட்டர் மட்டும் மூட மறுக்கிறது

சதுரக் குழாயின் வாயில் மூடித் தகடு வைத்துச் சுற்றிலும் ஓட்டிக்கொண்டு வருகிறீர்கள். எல்லாம் அழகு. முடிக்கும் இடத்தில் உருகிய உலோகம் குமிழாக உப்பி, ‘பட்’டென்று வெடித்து, ஓட்டையாகிறது. மறுபடி மூடினால் மறுபடி வெடிக்கிறது. உள்ளே அடைபட்ட காற்று சூடாகி விரிந்து, இருக்கும் ஒரே வாசல் வழியே வெளியேறப் பார்க்கிறது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுவிட்டு மூடுங்கள். எல்லாம் ஆறிய பிறகு அந்தத் துளையைத் திருகாணியாலோ பசையாலோ அடைத்துக்கொள்ளலாம்.

பழைய குழாயில் இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. இரண்டு பக்கமும் மூடிய பழைய குழாயைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் நீராவி, எண்ணெய் இருந்தால் தீப்பிடிக்கும் ஆவி. சூடு வைப்பதற்கு முன் துளை போடுவது கட்டாயம். எரிபொருள் டேங்க், எண்ணெய் டிரம், ரசாயனம் வந்த டப்பா ஆகியவற்றை வீட்டுப் பட்டறையில் வெட்டவும் வேண்டாம், பற்றவைக்கவும் வேண்டாம். கழுவிவிட்டேன், வருடக்கணக்காகக் காலியாக இருந்தது என்ற சமாதானங்கள் செல்லாது. மடிப்புகளில் ஒட்டியிருக்கும் மிச்சம் ஆவியாகி வெடிக்கப் போதுமானது. அழகான தண்டுக்கு ஆசைப்பட்டு ஷாக் அப்சார்பரையும், பின்கதவைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டையும் வெட்டுபவர்கள் உண்டு. அவற்றுள் அழுத்தம் அடைத்த வாயுவும் எண்ணெயும் இருக்கின்றன. ஒதுக்கி வையுங்கள்.

ஓட்டை விழுகிறது

சட்டம் 2 மில்லிமீட்டர் என்று விளிம்பைப் பார்த்து நினைத்திருப்பீர்கள். நடுவில் துரு உள்ளிருந்தே தின்று, ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சம் வைத்திருக்காது. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள்; கணீரென்ற ஓசை மந்தமாகும் இடத்தில் இரும்பு மெலிந்திருக்கிறது. அங்கே மூட்டுப் போடுவதைவிட, அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு நல்ல இரும்பில் தொடங்குவது குறைந்த வேலை.

மெல்லியதைத்தான் ஒட்டியாக வேண்டும் என்றால் 2 மில்லிமீட்டர் ராடுக்கு மாறுங்கள். டிசி மெஷின் என்றால், 6013 போன்ற இரண்டு முனையிலும் ஓடும் ராடை எதிர்மின் (–) முனையில் போட்டுப் பாருங்கள். மெல்லிய தகட்டில் ஊடுருவல் குறையும். நீள வரி வேண்டாம்; ஒரு புள்ளி வைத்து, அதன் செம்மை மங்கும்வரை காத்திருந்து, பாதி மேலேறும்படி அடுத்த புள்ளி. பின்னால் ஒரு தடித்த செம்புத் தகட்டை அணைத்துப் பிடித்தால் அது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், உருகிய இரும்பும் அதில் எளிதில் ஒட்டாது. மெல்லியதும் தடித்ததும் சேரும் மூட்டில் ஆர்க்கைத் தடித்த பக்கத்திலேயே வைத்திருந்து, குளத்தின் ஓரம் மட்டும் மெல்லியதைத் தொடும்படி நகர்த்துங்கள்.

வரி மேலே உட்கார்ந்திருக்கிறது, உள்ளே பிடிக்கவில்லை

கயிறு போட்டதுபோல் உருண்டு திரண்டு, இரண்டு ஓரங்களிலும் நிழல் விழும்படி நிற்கும் வரி ஏமாற்று வரி. ஒரே சுத்தியலடியில் பட்டையாக உரிந்துவரும். ஆம்பியர் போதவில்லை, அல்லது தடித்த இரும்பு சூட்டை எல்லாம் குடித்துவிட்டது. 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் ஓரங்களைச் சாய்வாகச் சீவி, நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அடி வரியிலிருந்து நிரப்பிக்கொண்டு வாருங்கள். மேலும் ஒரு காரணம் நீட்டிப்பு வயர்: மெல்லிய வயர் 30 மீட்டர் போனால் மெஷினுக்கு வந்து சேரும் மின்னழுத்தம் இறங்கிவிடும். திரையில் 110 என்று காட்டினாலும் ஆர்க் சோம்பலாகவே எரியும். சுருளாகவே வைத்துப் பயன்படுத்தினால் வயர் சூடேறி உருகவும் கூடும். முழுக்க விரித்துப் போடுங்கள்.

ஓரம் அரிக்கப்பட்டு வாய்க்கால் விழுகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். ஆம்பியர் அதிகம், ஆர்க் நீளம், அல்லது ஓரத்தில் நிற்காமல் ஓடுகிறீர்கள். மூன்றையும் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பாருங்கள்.

கசடு வரிக்குள் புதைந்திருக்கிறது

முந்தைய வரியின் மேல் ராடுப் பூச்சு உருகி உறைந்த கசடை முழுக்க எடுக்காமல் அடுத்ததை ஏற்றியிருக்கிறீர்கள். வெட்டி எடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். மேலே இன்னொரு வரி ஓட்டினால் கசடு உருகி மிதந்துவிடும் என்பது நடக்காத ஆசை.

விரிசல் விடுகிறது

இதில் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் இங்கே பழைய இரும்பின் பழைய வாழ்க்கை முழு வேகத்தில் பேசுகிறது.

முதலில் விரிசல் எங்கே என்று பாருங்கள். வரி முடியும் குழியில் நட்சத்திரம்போல் இருந்தால், ராடைச் சட்டென்று தூக்கிவிட்டீர்கள். முடிக்கும் இடத்தில் ஒரு கணம் நின்று, சற்றுப் பின்னுக்கு வந்து, குழி நிரம்பிய பிறகு தூக்குங்கள். இது கையின் பிழை; எளிதில் தீரும்.

வரிக்கு வெளியே, அதன் ஓரத்தை ஒட்டியே இணையாக ஓடும் விரிசல் வேறு சாதி. பெரும்பாலும் வெல்டிங் முடித்த உடனே வராது. மணிக்கணக்கில் கழித்து, சில சமயம் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வரும். தேய்ந்த அச்சுத் தண்டு ஒன்றில் மைல்ட் ஸ்டீல் பட்டையை வைத்துக் கைப்பிடி செய்தேன். வரி பார்க்க லட்சணமாக இருந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பும்போது இருட்டில் ‘டிங்’ என்று ஒரு சின்னச் சத்தம். பூனை எதையோ தட்டிவிட்டது என்று நினைத்தேன். காலையில் கைப்பிடியை எடுத்தால் கையோடு வந்தது; வரி பட்டையோடு முழுசாக இருந்தது, பிரிந்திருந்தது தண்டின் பக்கம். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், சர்க்கரையை ஒடித்ததுபோல் மினுமினுத்தது.

காரணம் கார்பன். மைல்ட் ஸ்டீலில் கார்பன் 0.25 சதவீதத்துக்குள்தான் இருக்கும். வண்டியின் ஸ்பிரிங் பட்டையில் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும், பேரிங் வளையத்தில் 1 சதவீதம், வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம். கார்பன் கூடிய எஃகை உருகும்வரை சூடாக்கி வேகமாக ஆறவிட்டால், வரியை ஒட்டிய பகுதி கண்ணாடிபோல் கடினமாகி நொறுங்கும் தன்மையை அடைகிறது. ஈரமான ராடிலிருந்து ஹைட்ரஜனும் சேர்ந்துகொண்டால், அது மெல்ல ஊறி ஊறி விரிசலைத் திறக்கிறது. இரவில் வந்த அந்தச் சத்தம் அதுதான்.

ஆகவே துண்டைப் பற்றவைக்கும் முன் அது எந்தச் சாதி என்று கேட்டுவிடுங்கள். கேட்கும் கருவி கிரைண்டரும் அரமும்தான். பின்புறம் இருட்டான இடத்தில், கிரைண்டர் வட்டைத் துண்டின் மேல் லேசாக வைத்துப் பொறிகளைப் பாருங்கள். மைல்ட் ஸ்டீல் என்றால் நீளமான, நேரான, வெளிர் மஞ்சள் கோடுகள். நுனியில் ஒன்றிரண்டு கிளை. கார்பன் கூடக் கூடக் கோடுகள் குட்டையாகி, வட்டுக்குப் பக்கத்திலேயே வெடிக்கத் தொடங்கும். ஸ்பிரிங்கிலும் அரத்திலும் மத்தாப்புப்போல் பூத்துக் கொட்டும். வார்ப்பிரும்பு என்றால் மங்கிய சிவப்பில் குட்டையான பொறிகள். துருப்பிடிக்காத எஃகில் ஆரஞ்சு நிறத்தில், கிளைகள் குறைவாக. பொறியே வராவிட்டால் அது அலுமினியமோ செம்போ பித்தளையோ. பக்கத்திலேயே உங்கள் சோதனைப் பட்டையையும் தேய்த்து ஒப்பிடுங்கள். தனியாகப் பார்த்தால் எல்லாப் பொறியும் ஒன்றுபோல்தான் தோன்றும். பிறகு அரம்: இழுத்தால் இரும்பைக் கடித்துத் துகள் விழ வேண்டும். கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கினால், அது கடினப்படுத்திய எஃகு.

இந்தச் சோதனைகளில் சிக்காத ஏமாற்றுக்காரர்கள் குறைவு, ஆனால் தோற்றத்தால் ஏமாற்றுபவர்கள் நிறைய. கட்டிலிலிருந்து கழற்றிய ஆங்கிள் சட்டம் பார்க்கச் சாதுவாக இருக்கும். சில வகைச் சட்டங்கள் பழைய ரயில் தண்டவாளத்தை மறுபடி உருட்டிச் செய்தவை. டிரில் முனையை முறிக்கும், வெல்டிங்கை விரிசலாக்கும். கான்கிரீட் கம்பியும் அப்படித்தான். ஒரே கட்டுக்குள் இருக்கும் இரண்டு கம்பிகள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். தலையில் 8.8, 10.9 என்று எண் பொறித்த போல்ட்டுகள் வெப்பச் சிகிச்சையால் வலுப்பெற்றவை. சூடு பட்டால் அந்த வலு போய்விடும், இல்லாவிட்டால் நொறுங்கும்.

கார்பன் கூடியதைத்தான் ஒட்டியாக வேண்டும் என்றால், உலர்ந்த 7018 ராடு, முன்சூடு, மெதுவான ஆறல் ஆகிய மூன்றும் வேண்டும். ஸ்பிரிங் பட்டை போன்றவற்றுக்கு 200 முதல் 300 டிகிரி முன்சூடு கொடுங்கள். சூட்டை ஊகிக்காமல், குறிப்பிட்ட டிகிரியில் உருகும் அடையாளச் சாக்குக் குச்சியால் கோடு போட்டுப் பாருங்கள். முடித்ததும் உலர்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புப் பொடியிலோ புதைத்துவிட்டு மறுநாள் எடுங்கள். தண்ணீரில் முக்குவது உங்கள் உழைப்பை நீங்களே உடைப்பது. 312 வகைத் துருப்பிடிக்காத ராடும் இப்படிப்பட்ட குணம் தெரியாத எஃகுகளில் நன்றாக ஈடுகொடுக்கும். விலையைப் பார்த்துக் கை கொஞ்சம் தயங்கும். இவ்வளவு செய்தாலும், ஸ்பிரிங்கை ஸ்பிரிங்காகவே திரும்ப வேலைக்கு அனுப்பாதீர்கள். ஆள் உட்காரும் ஊஞ்சல், தூக்கும் கொக்கி, வண்டியின் இழுவை ஆகியவற்றுக்குக் குணம் தெரியாத இரும்பு கூடவே கூடாது. சிற்பம் செய்யுங்கள், கதவுப் பிடி செய்யுங்கள்.

வார்ப்பிரும்பு தனிக் கதை. பழைய தையல் இயந்திரக் கால், பட்டறைக் கிடுக்கி, பம்பு உடல் எல்லாம் இதில் அடக்கம். விரிசலின் இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் அது மேலும் ஓடாது. விரிசலைச் சாய்வாகச் சீவிக்கொண்டு, நிக்கல் ராடால் ஒரு தடவைக்கு 25 மில்லிமீட்டர் மட்டும் ஓட்டி, சூடு இருக்கும்போதே உருண்டை முகச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொடுங்கள். சுருங்கும் இழுப்பைத் தட்டல் தளர்த்தும். கையால் தொடும்படி ஆறிய பிறகு வேறொரு இடத்தில் அடுத்த 25. பொறுமை இல்லாத நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். எண்ணெய் குடித்த வார்ப்பில் முதல் வரி எப்படியும் நுரைக்கும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவதுதான் வழி.

விரிசல் இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குப் புலப்படவில்லையா? மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, துடைத்துவிட்டு, சாக்குக் கட்டியைத் தேய்த்து வெண்மையாக்குங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் மெல்லக் கசிந்து வெண்மையில் மயிரிழைக் கோடு போடும். அதன் பிறகு அங்கே சூடு வைப்பதற்கு முன், எண்ணெயைச் சோப்புத் தண்ணீரால் முழுக்கக் கழுவி உலர்த்திவிட வேண்டும்.

சட்டம் கோணிக்கொண்டது

மூலைமட்டம் வைத்து அச்சாக 90 டிகிரியில் நிறுத்திப் பற்றவைத்தீர்கள், ஆறியதும் 87. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கி, வரி இருக்கும் பக்கமாக இழுக்கும். தடுக்க முடியாது, பங்கிட்டுக்கொடுக்கலாம். நான்கு மூலையிலும் டாக் புள்ளி (தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டிங் புள்ளி) வைத்து, குறுக்கே இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் சமமாக இருந்தால் மட்டும் முழு வரிக்குப் போங்கள். ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிர்மூலைக்குத் தாவித் தாவி ஓட்டுங்கள். பழைய இரும்பில் கூடுதல் சங்கடம்: வளைந்ததை அடித்து நிமிர்த்தியிருந்தால், உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் சூடு பட்டதும் விழித்துக்கொண்டு பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். அப்படிப்பட்ட துண்டைக் குட்டையான பாகங்களுக்கு ஒதுக்குங்கள்.

ஆர்க் ஒரு பக்கமாக ஊதித் தள்ளப்படுகிறது

டிசியில், குறிப்பாக மூலைகளிலும் வரி முடியும் இடத்திலும், காற்றடிப்பதுபோல் ஆர்க் சாயும். காந்தப்புலத்தின் வேலை. பழைய தண்டுகள் சில காந்தமேறியே வரும். ஊசியை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். மூலையைப் பிடிக்க வைத்த காந்தத்தை எடுத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். பாதித் தடவை அதுதான். கிளாம்பை மறுமுனைக்கு மாற்றி, ஆர்க்கைக் குட்டையாக்குங்கள். ஏசி வசதி இருந்தால் அதற்கு மாறினால் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

மெஷின் நடுவில் அணைந்துவிடுகிறது

மஞ்சள் விளக்கு எரிந்தால் பழுது இல்லை, ஓய்வு கேட்கிறது. மெஷினின் விவரத் தகட்டில் 160 ஆம்பியரில் 60 சதவீதம் என்று இருந்தால், 10 நிமிடத்தில் 6 நிமிடம்தான் அந்த ஆம்பியரில் ஓடும் என்று அர்த்தம். விசிறி ஓடட்டும், சுவிட்சை அணைக்காதீர்கள். அடிக்கடி நடந்தால் கிரைண்டர் தூள் உள்ளே படிந்திருக்கும். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு ஊதி எடுங்கள்.

அறிகுறி உங்கள் உடம்பில் தெரிந்தால்

வேலை முடித்துப் படுத்த பிறகு, நள்ளிரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தி நீர் வழிந்தால், ஆர்க்கின் புற ஊதாக் கதிர் விழிப்படலத்தைச் சுட்டிருக்கிறது. 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பொதுவாக ஒன்றிரண்டு நாளில் ஆறும். கசக்காதீர்கள், வலி அதிகம் என்றால் மருத்துவரிடம் போங்கள். டாக் புள்ளி ஒன்றுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பதே இதன் வழக்கமான வாசல். 3.15 ராடுக்கு 10ஆம் எண் இருள் கண்ணாடி பொருந்தும்.

துத்தநாகப் புகை குடித்த மாலையில் குளிர், காய்ச்சல், உடல்வலி, வாயில் உலோகச் சுவை வந்தால் அது உலோகப் புகைக் காய்ச்சல். ஒன்று, இரண்டு நாளில் தணியும். பால் குடித்தால் வராது என்ற பேச்சை நம்பி முகமூடியைக் கழற்றாதீர்கள். நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் காத்திருக்கவே கூடாது. பழைய இயந்திரங்களில் வரும் பொன்னிறம் ஓடிய போல்ட்டுகளில் சிலவற்றுக்குக் காட்மியம் பூச்சு உண்டு. அதன் புகையும் முதலில் இதே காய்ச்சல்போல்தான் தொடங்கும். பிறகு நுரையீரலைப் பாழாக்கி உயிரையே எடுக்கக்கூடும். குரோம் பூச்சின் புகையும் நஞ்சு. எந்தப் பூச்சு என்று தெரியாத துண்டை வெல்டிங் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். நட்டு, போல்ட் போட்டு மாட்டிக்கொள்ளும்படி வடிவத்தை மாற்றுங்கள்.

ஒரு மாதத்தில் வரியின் மேல் மட்டும் பெயிண்ட் உரிகிறது

வரியின் மடிப்புகளில் ஒட்டியிருந்த கசடுத் துணுக்கின் மேல் அடித்திருக்கிறீர்கள். கசடு ஈரத்தை இழுக்கும், பெயிண்டைத் தூக்கிவிடும். கூரிய கசட்டுச் சுத்தியலால் மூலை மூலையாகத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, தெறித்து ஒட்டிய குண்டுகளை உளியால் சீவி, ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, அன்றே முதல் பூச்சை அடித்துவிடுங்கள். தேய்த்த இரும்பை ஒரு இரவு சும்மா விட்டால் காலையில் செம்மை பூத்திருக்கும். பிறகு மறுபடி முதலிலிருந்து.